சீபர்க் எம்100சி ஜூக்பாக்ஸ் ஆம்ப்ளிஃபயருக்கான மின்தேக்கித் தொகுப்பு: ஒரு மதிப்புரை

காசு போட்டால் விரும்பிய இசைத்தட்டை வாசிக்கும் பெட்டியான சீபர்க் எம்100சி ஜூக்பாக்ஸின் ஆம்ப்ளிஃபயரைப் புதுப்பிப்பதற்கென்று அமெரிக்காவில் ஒரு சிறு கடை தபாலில் அனுப்பும் மின்தேக்கித் தொகுப்பை வாங்கி, நான்கு வார இறுதிகளில் பொருத்தி முடித்து, ஆறு மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். பழைய ஜூக்பாக்ஸ்களுக்கு இத்தகைய தொகுப்புகளை விற்கும் கடைகள் பல உண்டு. ஆகவே கடையின் பெயரைக் காட்டிலும், இப்படிப்பட்ட ஒரு தொகுப்பில் எதைத் தேட வேண்டும் என்பதே வாங்குவோருக்கு உதவும் என்று கருதி, அதையே விரிவாகச் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த 85 டாலருக்கு இது தகுதியான பொருள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி உடன் வரும் பன்னிரண்டு பக்கக் குறிப்பேட்டுக்கே உரியது. மின்தேக்கிகளை எங்கும் தனித்தனியாக வாங்கிவிடலாம். எதை அளக்க வேண்டும், எந்த வரிசையில் மாற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற அறிவை அப்படி வாங்க முடியாது. அந்தக் குறிப்பேட்டில் ஒரு பிழையும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எம்100சி என்பது 1952இல் சிகாகோவின் சீபர்க் நிறுவனம் வெளியிட்ட பெட்டி. அதே நிறுவனம் 1948இல் எம்100ஏ வழியாக, ஐம்பது இசைத்தட்டுகளின் இரு பக்கங்களையும் வாசித்து நூறு பாட்டுகளைத் தரும் முறையைக் கொண்டுவந்தது. அது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளுக்கானது. 1950இல் வந்த எம்100பி, ஆர்சிஏ விக்டர் முந்தைய ஆண்டு அறிமுகப்படுத்தியிருந்த 45 சுழற்சித் தட்டுகளை வாசித்த முதல் ஜூக்பாக்ஸ். அதன் அடுத்த வடிவமே எம்100சி. இந்தப் பெட்டிகள் தட்டைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தியே வாசிக்கும். இரு பக்கத்தையும் தொடுவதற்கு ஊசித்தலையில் இரண்டு ஊசிகள் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் இந்த அழகிய இயக்கத்தைப் பார்த்து மயங்கித்தான் எல்லோரும் பெட்டியை வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். அடியில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயரை, அது பழுதாகும்வரை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜூக்பாக்ஸ் ஆம்ப்ளிஃபயர் வீட்டு ரேடியோவைப் போன்றது அன்று. உணவகத்தின் இரைச்சலைத் தாண்டி நாள் முழுதும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு 6எல்6 வால்வுகளை எதிரெதிராக இயக்கும் வலிமையான வெளியீட்டுக் கட்டம் இதில் உண்டு. வெவ்வேறு கம்பெனித் தட்டுகள் வெவ்வேறு அளவில் பதிவாகியிருந்ததால், ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது காதைப் பிளப்பதாகவும் இல்லாமல் தானாகவே சமன்செய்யும் சுற்று ஒன்றும் அக்காலச் சீபர்க் ஆம்ப்ளிஃபயர்களில் உண்டு. இந்த இரண்டுமே நல்ல மின்தேக்கிகளை நம்பி வாழ்பவை. ஒன்று கசிந்தாலும் வெளியீட்டு வால்வு வேகும், அல்லது பாட்டின் அளவு தானாக ஏறி இறங்கும்.

ஒஹையோவில் மூடப்பட்ட ஒரு குடும்ப உணவகத்திலிருந்து வந்த என் பெட்டியில் மூன்று குறைகள் இருந்தன. தட்டு வாசிக்காதபோதும் ஆழமான ரீங்காரம் கேட்டது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு 6எல்6 வால்வின் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் உலோகத் தகடு) இருட்டில் மங்கலான செந்நிறத்தில் தெரிந்தது. அத்துடன் அவ்வப்போது கரகரப்பு எழுந்தது. மூன்றையும் ஒரே நோய் என்று நான் நினைத்தது தவறு. அதைக் காட்டிக்கொடுத்ததும் இந்தக் குறிப்பேடுதான்.

முதல் இரண்டு பக்கங்களில் எதையும் கழற்றச் சொல்லவில்லை, அளக்கத்தான் சொல்கிறது. இதுவே எனக்கு இந்தத் தொகுப்பின் மீது நம்பிக்கை வரக் காரணம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், ரீங்காரம் 60இல் இருந்தால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கையோ தரை இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். 120இல் இருந்தால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வற்றிவிட்டன என்று கொள்ளலாம். என் பெட்டியில் கைபேசிச் செயலியில் பார்த்தபோது 120தான் ஓங்கி நின்றது. அடுத்த சோதனை வெளியீட்டு வால்வுகளுக்கானது. 6எல்6 வால்வை அதன் குழியிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற வால்வுகளுடன் ஆம்ப்ளிஃபயரை இயக்கி, அக்குழியின் 5ஆம் முனையில், அதாவது வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில், மின்னழுத்தம் பார்க்க வேண்டும். முந்தைய கட்டத்தின் பிளேட்டில் நிற்கும் உயர்ந்த நேர்மின்னழுத்தத்தை மறித்து, பாட்டின் அலையை மட்டும் கிரிட்டுக்கு விடுவது இடையிலுள்ள இணைப்பு மின்தேக்கியின் வேலை. அது நல்ல நிலையில் இருந்தால் அங்கே நேர்மின்னழுத்தம் எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கு ஒரு குழியில் 11 வோல்ட் நேர்மின்னழுத்தம் காட்டியது. பிளேட் சிவந்த காரணம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வால்வுமீது எந்தக் குற்றமும் இல்லை.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று கையில் வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது புது வால்வுகளை வாங்குவது. கசியும் மின்தேக்கியை அப்படியே விட்டுவிட்டுப் புது வால்வைச் செருகினால், நூறு டாலர் வால்வும் அதே நெருப்பில்தான் வேகும். 6எல்6, 6எல்6ஜி ஆகிய பழைய வடிவங்களின் பிளேட் தாங்கும் வெப்பம் 19 வாட். பின்னால் வந்த 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும். ஆகவே ஜிசி வகையைப் போட்டால் சிவப்பு மறைந்துவிடும், குறை குணமாகிவிட்டது என்ற எண்ணமும் வந்துவிடும். உள்ளே அதே அளவு மிகை மின்னோட்டம் வெளியீட்டு மின்மாற்றியின் மெல்லிய கம்பி வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த மின்மாற்றி எரிந்தால் மாற்று கிடைப்பது அரிது. வால்வு விற்பதில்தான் கூடுதல் லாபம் என்றிருந்தும், மின்தேக்கிகளை மாற்றி அளந்து முடிக்கும்வரை வால்வு வாங்க வேண்டாம் என்று இந்தக் கடைக்காரர் எழுதியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி உறைக்குள் இருந்தவை. மின்னழுத்தம் தாங்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் 450 வோல்ட், 105 பாகை வெப்பம் என்று குறிக்கப்பட்ட ஜப்பானியத் தயாரிப்புகள். மெழுகு பூசிய காகித மின்தேக்கிகளுக்குப் பதிலாக 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகை வந்திருந்தது. மின்கம்பிக்கும், பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் பழங்காலத்தில் போட்டிருந்த ஆபத்தான காகித மின்தேக்கிக்கு மாற்றாக ஒய்2 வகைப் பாதுகாப்பு மின்தேக்கி ஒன்றும் இருந்தது. பழுதானால் உடைந்து திறந்துகொள்ளுமே தவிர, ஷார்ட்டாகிப் பெட்டியின் உலோகத்தில் மின்சாரத்தை ஏற்றாத வகையில் அமைக்கப்பட்டது அது. மலிவான தொகுப்புகளில் இது சாதாரண மின்தேக்கியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள். காசு போட வரும் குழந்தை கை வைக்கும் பெட்டி இது.

பழைய மதிப்புகள் இன்று கடைகளில் கிடைப்பதில்லை. 20 மைக்ரோஃபாரட் (மின்தேக்கியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) இருந்த இடத்தில் 22, 40 இருந்த இடத்தில் 47 என்று போடுவதே இன்றைய வழக்கம், அதனால் தீங்கில்லை. ஆனால் ரெக்டிஃபயர் வால்வுக்கு அடுத்து நிற்கும் முதல் மின்தேக்கியின் கதை வேறு. அதைப் பெரிதாக்கினால் ரீங்காரம் இன்னும் குறையும் என்று 100 மைக்ரோஃபாரட் வரை போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அந்தப் பெரிய மின்தேக்கியை நிரப்பும் மின்னோட்டத் துடிப்பு முழுவதையும் ரெக்டிஃபயர் வால்வு சுமக்க வேண்டும். 5யு4ஜிபி போன்ற வலிய வால்வுக்கே அதன் தரவுத்தாள் 40 மைக்ரோஃபாரட் அளவைத்தான் வைத்துக் கணக்குக் காட்டுகிறது. குறிப்பேடு முதல் மின்தேக்கியை மூல மதிப்பிலேயே வைக்கச் சொல்லி, கூடுதல் வடிகட்டல் வேண்டுமென்றால் இரண்டாவதில் சேர்க்கச் சொல்கிறது. காரணத்தையும் நான்கு வரியில் விளக்குகிறது.

மின்தடைகள் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலக் கார்பன் மின்தடைகள் ஈரமும் வெப்பமும் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு ஏறிப்போகும். தொகுப்பில் பதினான்கு மின்தடைகள் தனி உறையில் வருகின்றன. ஆனால் எல்லாவற்றையும் மாற்று என்று குறிப்பேடு சொல்லவில்லை. மின்தேக்கிகளை முழுதும் வெறுமையாக்கிவிட்டு, மின்தடையைக் கழற்றாமலே அளக்கலாம் என்று ஒரு எளிய வழியைத் தருகிறது. சுற்றில் இருக்கும்போது பக்கத்து வழிகள் சேர்வதால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாமே தவிரக் கூடுதலாகக் காட்டாது. ஆகவே 2,20,000 ஓம் என்று நிறக்கோடு சொல்லும் ஒன்று 2,90,000 காட்டினால், அது ஏறிவிட்டது என்பதில் ஐயமே இல்லை. எனக்கு ஐந்து மட்டுமே 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தன. மீதி ஒன்பதும் எழுபது ஆண்டு உழைத்த பிறகும் தம் இடத்திலேயே இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ளதைப் பிடுங்காமல் விடுவதும் புதுப்பிப்பதன் ஒரு பகுதி என்று நம்புபவன் நான்.

வேலையைத் தொடங்கும் முன் சீரீஸ் பல்ப் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். நம் ஊர் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் மேசை ஓரம் பலகையில் அடித்து வைத்திருப்பார்களே, அதுதான். ஆம்ப்ளிஃபயரோடு தொடராக நூறு வாட் குண்டு பல்பை இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மின்மாற்றி பிழைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் சற்று ஒளிர்ந்து பிறகு மங்கும். குறிப்பேடு இதைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு இரண்டு மூன்று பாகம் மாற்றியதும் ஒருமுறை இப்படி இயக்கிப் பார்க்கச் சொல்வதும் மிகச் சரி. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டுப் பாடவில்லை என்றால், இருபது இணைப்புகளில் எதில் தவறு என்று தேடுவது கொடுமை. உள்ளே 400 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மின்தடை கட்டிய கம்பியால் இறக்கி, மல்டிமீட்டரில் சுழி பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அளக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறைகள். முதல் வால்வின் கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) நிற்கும் சிறிய எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் நேர்முனையைச் சேஸிஸ் பக்கமாகக் காட்டியிருந்தது குறிப்பேட்டின் எட்டாம் பக்கப் படம். கேத்தோடு சேஸிஸை விட நேர்மின்னழுத்தத்தில் இருப்பதால் நேர்முனை கேத்தோடு பக்கம்தான் வர வேண்டும். மூலச் சுற்றுப்படத்தை அருகில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்ததால் என் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் ஒன்றிரண்டு வோல்ட்தான், ஆகவே தலைகீழாகப் போட்டாலும் வெடிக்காது. ஆனால் மெல்லக் கசிந்து, வால்வின் நிலையைக் கெடுத்து, ஒலியில் காரணம் புரியாத சிதைவைக் கொண்டுவரும். புதிதாகக் கற்றுக்கொண்டு செய்பவர் அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். கடைக்காரருக்கு எழுதினேன். இரண்டே நாளில் ஒப்புக்கொண்டு திருத்திய பக்கத்தை அனுப்பினார். முன்பு வாங்கியவர்களுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்தப் பிழையை நான் பெரிய மனக்குறையாகக் கொள்ளவில்லை. இருந்தாலும், எந்தத் தொகுப்பை வாங்கினாலும் மூலச் சுற்றுப்படம் இல்லாமல் பற்றவைக்க உட்காராதீர்கள்.

இரண்டாவது குறை, பொருத்தும் பட்டைகள் தரப்படவில்லை. பழைய பெரிய அலுமினியக் குடுவைக்குள் மூன்று மின்தேக்கிகள் சேர்ந்திருக்கும். அடியில் முக்கோணம், சதுரம், அரைவட்டம் என்ற வெட்டுகளால் எது எந்த மதிப்பு என்று அடையாளம் காட்டப்பட்டிருக்கும். புதிய மின்தேக்கிகள் அதில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட எடுப்பதில்லை. சேஸிஸின் அடியில் அவற்றை எங்கே ஊன்றுவது? பழைய குடுவையின் முனைகளிலேயே புதியவற்றையும் பற்றவைத்துவிடலாம் என்று ஒரு வரியில் சொல்லிப் போகிறது குறிப்பேடு. இதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே உள்ள பழையது இணைப்பில் இருந்தபடி புதியதைப் பக்கத்தில் கட்டினால், பழையதன் கசிவு அப்படியே தொடரும். குடுவையைத் தோற்றத்துக்காக மேலே நிறுத்திவைத்து, கம்பிகளை அதிலிருந்து முற்றிலும் விடுவித்து, தனியே வாங்கிய முனைப்பட்டைகளில் புதியவற்றைக் கட்டினேன். குடுவையை அறுத்து உள்ளே புதியவற்றை அடைத்து மீண்டும் ஒட்டுபவர்கள் உண்டு; அது அழகான வேலை, பொறுமை உள்ளவர்கள் செய்யட்டும். இரண்டு டாலர் பெறாத முனைப்பட்டைகளைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்கலாம்.

மூன்றாவதாக, கரகரப்பு. மின்தேக்கிகளையும் மதிப்பு ஏறிய மின்தடைகளையும் மாற்றிய பிறகும் அது போகவில்லை. கடைசியில் ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் பல்முனைப் பிளக்குகளிலும் வால்வுக் குழிகளிலும் படிந்திருந்த கறுப்புதான் காரணம் என்று தெரிந்தது. மின் இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்யும் திரவமும் மெல்லிய தூரிகையும் கொண்டு தேய்த்ததும் கரகரப்பு நின்றது. குறிப்பேட்டில் இதற்கு இரண்டு வரி போதும், அந்த இரண்டு வரி இல்லை. பெட்டியின் பிற பகுதிகளில் இருக்கக்கூடிய செலினியம் ரெக்டிஃபயர்களைப் பற்றியும் பேச்சே இல்லை. அவை ஆம்ப்ளிஃபயரைச் சேர்ந்தவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் செலினியம் பழுதாகி எரிந்தால் அழுகிய நாற்றத்தோடு நச்சுப் புகை வரும் என்பதையும், சிலிக்கான் டையோடு போட்டு மாற்றும்போது செலினியத்தில் விழுந்துகொண்டிருந்த மின்னழுத்தம் இப்போது விழாது, எனவே தொடர் மின்தடை ஒன்று சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தால், பலருடைய பெட்டிகளில் மின்காந்தச் சுருள்கள் சூடாகாமல் தப்பும்.

வேலை முடிந்த பின் அளந்தவை: இரு 6எல்6 குழிகளிலும் 5ஆம் முனையில் நேர்மின்னழுத்தம் இல்லை. வெளியீட்டு மின்மாற்றியின் ஒவ்வொரு பாதியிலும் விழும் மின்னழுத்தத்தை அந்தப் பாதியின் மின்தடையால் வகுத்து, ஒவ்வொரு வால்வின் மின்னோட்டத்தையும் தனித்தனியே கணக்கிட்டேன். முன்பு ஒன்று மற்றதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இழுத்தது; இப்போது இரண்டும் சில மில்லிஆம்பியர் வேறுபாட்டில் நிற்கின்றன. சிவந்த அதே பழைய வால்வுதான் இன்றும் உள்ளே இருக்கிறது. 117 வோல்ட்டுக்கென்று வடிவமைத்த காலத்து மின்மாற்றிக்கு என் வீட்டில் 122 வோல்ட் வருவதால், ஹீட்டர்களும் பிற மின்னழுத்தங்களும் சற்றே உயர்ந்திருந்தன. சிறிய மின்மாற்றி ஒன்றை எதிர்த்திசையில் தொடராக இணைத்து அதைக் குறைத்துக்கொண்டேன். இதைக் குறிப்பேடே பரிந்துரைக்கிறது, இணைப்புப் படமும் தெளிவாக இருக்கிறது.

ஒலியில் தெரிந்த மாற்றம் நான் எதிர்பார்த்ததைவிட வேறு விதமானது. ரீங்காரம் போகும் என்று தெரியும், போயிற்று. எதிர்பாராதது கீழ்ச்சுரம் தரும் பேஸ் தந்திக் கருவியின் நாதம். முன்பு பாட்டு உரக்க எழும் இடங்களில் எல்லாம் கீழ்ச்சுரங்கள் குழைந்து, ஒரு மூச்சுத்திணறல் போலக் கேட்கும். அது அந்தக் காலத்துத் தட்டின் இயல்பு என்று இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். இப்போது ஒவ்வொரு தட்டலும் தனித்து நிற்கிறது. தானியங்கி அளவுச் சமனும் திரும்பிவிட்டது. மெலிதாகப் பதிவான தட்டுக்கும் உரத்த தட்டுக்கும் நடுவில் எழுந்துபோய்த் திருகவேண்டிய தேவை இல்லை.

ஆம்ப்ளிஃபயரையே பெட்டியில் வைத்து அனுப்பினால் புதுப்பித்துத் திருப்பி அனுப்பும் சேவைகளும் உண்டு. நான் விசாரித்தபோது இந்தத் தொகுப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கேட்டார்கள்; இரும்பு மின்மாற்றிகளின் எடையால் தபால் செலவும் சேரும், வழியில் மின்மாற்றி இருக்கை வளைந்து வரும் அபாயமும் உண்டு. ஆனாலும் உயர் மின்னழுத்தத்தோடு பழகாதவர்களுக்கு அந்த வழியையே சொல்வேன். பற்றவைக்கத் தெரிந்து, சுற்றுப்படம் வாசிக்கத் தெரிந்து, அவசரப்படாதவர்களுக்கு இந்தத் தொகுப்பு போதும். சீபர்க்கின் அடுத்தடுத்த வடிவங்களில் ஆம்ப்ளிஃபயர்கள் மாறிக்கொண்டே வந்ததால், சேஸிஸில் அச்சிட்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் எண்ணைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் பெயரை மட்டும் சொன்னால் தவறான தொகுப்பு வரக்கூடும், ஏனென்றால் எழுபது ஆண்டுகளில் எத்தனையோ பெட்டிகளில் ஆம்ப்ளிஃபயர் மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கிறது.

ஆறு மாதம் கழித்துச் சென்ற வாரம் மீண்டும் சேஸிஸை வெளியே எடுத்து எல்லா அளவுகளையும் திரும்பப் பார்த்தேன். 5ஆம் முனைகளில் மாற்றம் இல்லை. பெரிய மின்தேக்கிகள் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் கையில் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. மாற்றாமல் விட்ட ஒன்பது மின்தடைகளில் ஒன்று மட்டும் சற்று ஏறி எல்லையை நெருங்கியிருந்தது. உறையில் மீதமிருந்ததிலிருந்து அதற்கானதை எடுத்துப் பொருத்திவிட்டேன்.